வளாகத்து வைஃபையும் நாலு ஆம்பளைகளும்

பி.ஏ. கடைசிப் பரீட்சை எழுதிய கையோடு எனக்குக் கல்யாணம் பேசி முடித்துவிட்டார்கள். மேலே படிக்கணும் என்று அழுதபோது, "அப்புறம் படிச்சிக்கலாம்" என்றார்கள். அந்த அப்புறம் வருவதற்குப் பதினாறு வருஷம் ஆனது. மகள் பத்தாம் வகுப்புக்கும் மகன் ஏழாம் வகுப்புக்கும் போன அந்த வருஷம்தான் நான் எம்.ஏ. சேர்ந்தேன். வீட்டுக்காரர் சவுதியில், தம்மாமில் ஒரு கடையில் வேலை பார்க்கிறார். "படிக்கணும்னா படியேன்" என்று போனிலேயே சொல்லிவிட்டார். அவருடைய அம்மா, என் மாமிதான் இரண்டு விரலை என் முகத்துக்கு நேரே நீட்டி, "ரெண்டே வருசம். மூணாவது வருசம்னு எங்கிட்ட வந்து நிக்கக் கூடாது" என்றார்கள். மத்தியானச் சோறு பொங்குவதும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதும் அவர்கள் பொறுப்பு. அதனால் நானும் வாயை அடக்கிக்கொண்டு, சரி மாமி என்றேன்.

வீடு வீரகேரளம்புதூரில். சுரண்டை வந்து ஒரு பஸ், தென்காசி வந்து இன்னொரு பஸ். குற்றாலம் போகிற சாலையில் இறங்கினால் பல்கலைக்கழக வளாகம். எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்ல மாட்டேன். அங்கே நல்ல மனுஷர்களும் இருக்கிறார்கள், அவர்கள் பிழைப்பைக் கெடுப்பானேன்.

மலை இவ்வளவு பக்கத்தில் இருப்பது பார்க்கத்தான் அழகு. போனுக்கு அது எமன். கட்டடத்துக்குள் போனால் சிக்னல் ஒரு கோட்டுக்கு இறங்கிவிடும். போதாக்குறைக்கு எங்கள் துறையின் பாடக்குறிப்பு, வருகைப்பதிவு, மாதத் தேர்வு எல்லாமே வளாகத்து வைஃபையில் மட்டும்தான் திறக்கும். வெளி நெட்டில் திறக்காது. ஆகவே சேர்ந்த இரண்டாம் நாள் நூலகச் சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்துப் பார்த்து, பதிவு எண்ணைப் போட்டேன், பிறந்த தேதியைப் போட்டேன். 'உங்கள் எண்ணுக்கு ஓடிபி அனுப்பப்பட்டுள்ளது' என்று வந்தது. போனையே முறைத்துக்கொண்டு நின்றேன். ஒன்றும் வரவில்லை. மறுபடி போட்டேன். மறுபடியும் அனுப்பப்பட்டுள்ளதாம். திரையில் அந்த எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் மட்டும் தெரிந்தது. அது என் எண் இல்லை. வீட்டுக்காரர் எண்ணும் இல்லை.

பக்கத்தில் நின்ற சுரண்டைப் பிள்ளை ஒருத்தி எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "யக்கா, அது பிரவுசிங் சென்டர் அண்ணாச்சி நம்பர். எனக்கும் அவருக்குத்தான் போவுது."

சுரண்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஓர் அண்ணாச்சி பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறார். சுற்றுவட்டாரத்தில் யார் காலேஜுக்கு விண்ணப்பம் போட்டாலும் அவர் கையால்தான். நாம் சான்றிதழ்களை ஒரு பாலித்தீன் பையில் கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துகொள்ள வேண்டியது. அவர் டைப் அடிப்பார். போன் எண் கேட்கிற இடத்தில் எல்லாம் யோசிக்காமல் தன் எண்ணைப் போட்டுவிடுவார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. எங்கள் பக்கம் ஆட்கள் மாசத்துக்கு ஒரு சிம் மாற்றுவார்கள். வளைகுடாவிலிருந்து லீவில் வந்தவர் திரும்பிப் போகும்போது சிம்மும் கூடவே போய்விடும். ஹால் டிக்கெட் மெசேஜ் வந்தது தெரியாமல் பரீட்சையைத் தவறவிட்ட பிள்ளைகள் உண்டு. அண்ணாச்சி எண் மட்டும் மாறியதே இல்லை. அதனால் ஊர்ப் பிள்ளைகளின் மெசேஜ் எல்லாம் அவர் போனில் பத்திரமாகக் கிடக்கும்.

அங்கேதான் வில்லங்கம். பெண்களின் விண்ணப்பத்தில் பாதுகாவலர் எண் என்று ஒரு கட்டம் இருந்திருக்கிறது. அதிலும் தன் எண்ணைப் போட்ட அண்ணாச்சி, உறவுமுறை கேட்ட இடத்தில் 'சகோதரர்' என்று தேர்ந்தெடுத்திருக்கிறார். எனக்கு மட்டுமல்ல, போன அத்தனை பெண்களுக்கும். அவர் நெற்றியில் திருநீறு, என் தலையில் முக்காடு. ஆனாலும் பல்கலைக்கழகத்துக் கம்ப்யூட்டரில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்.

முதலில் எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. தினமும் காலையில் வளாக வாசலில், சிக்னல் இருக்கிற வேப்பமரத்தடியில் நின்று அவருக்குப் போன் போடுவேன். "அண்ணாச்சி, இப்ப அனுப்புதேன்" என்றால், "அனுப்பு தங்கச்சி. இரு இரு, கண்ணாடியக் காணோம்" என்பார். கண்ணாடி கிடைத்து, மெசேஜ் வந்து, ஆறு இலக்கத்தையும் கடையில் நிற்கிற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி வாசிப்பார். பத்து நிமிஷத்துக்குள் போடாவிட்டால் செல்லாது. சில நாள் எனக்கு வந்ததை வேறொருத்திக்கு வாசித்து, அவளுக்கு வந்ததை எனக்கு வாசித்து, இரண்டு பேருமே வெளியே நிற்போம். "ஒரே நேரத்துல நாலு தங்கச்சி கூப்பிட்டா நான் என்ன செய்ய?" என்று அவரும் சலித்துக்கொள்வார். பாவம், அவரும் மனுஷர்தானே.

சிரிப்பு நின்றது ஒரு திங்கட்கிழமை. முந்தின வாரம் மகளுக்குக் காய்ச்சல், இரண்டு நாள் நான் வகுப்புக்குப் போகவில்லை. திங்களன்று சுரண்டையில் பஸ்ஸுக்கு நின்றேன். அண்ணாச்சி கடை வாசலிலிருந்து சத்தம் கொடுத்தார். "தங்கச்சி, வியாழன் வெள்ளி ரெண்டு நாளும் காலேஜுக்குப் போகலியாமே? மெசேஜ் வந்துருக்கு. வீட்டுல தெரியுமா?"

பஸ் ஸ்டாண்டே திரும்பிப் பார்த்தது. வீட்டுல தெரியுமாவாம்! நான் முப்பத்தேழு வயசுப் பொம்பளை. கரண்டு பில்லிலிருந்து மாமியின் சுகர் மாத்திரை வரை அந்த வீட்டை நடத்துகிறவள். நான் எங்கே போனேன், போகவில்லை என்று பல்கலைக்கழகம் ஒரு கடைக்காரருக்கு மெசேஜ் அனுப்புகிறது, அவர் ரோட்டில் வைத்துக் கேட்கிறார். கேட்டவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவரைக் கேட்க வைத்தவர்கள் மேல் வந்ததே ஒரு கோபம், பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் ஆறவில்லை.

இறங்கியதும் நேராக வைஃபை பார்க்கிற ஆபீசுக்குப் போனேன். ஜன்னலுக்குப் பின்னால் ஒரு கிளார்க், இருபத்தெட்டு வயசு இருக்கும், மரியாதையான ஆள்தான்.

"என் லாகின்ல இருக்குற நம்பர மாத்தணும். இதான் என் நம்பர்" என்றேன்.

"லேடீஸுக்கு சொந்த நம்பர் போட முடியாது மேடம். கார்டியன் நம்பர்தான்."

"பையங்களுக்கு?"

"அவங்களுக்கு அவங்க நம்பர்."

அவர் அதை வெயிலடிக்குது என்கிற மாதிரிச் சொன்னார். என் பிள்ளை வயசுப் பையன் பதினெட்டு முடிந்து வந்தால் அவன் போனுக்கு அவனே பொறுப்பு. அவன் அம்மா வயசு நான், எனக்கு ஆள் வேண்டுமாம்.

"சரி, கார்டியன்னா யாரெல்லாம்?"

அவர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "லிஸ்ட்ல நாலு இருக்கு. தந்தை, கணவர், சகோதரர், மகன்."

"தாய்?"

"இல்ல மேடம்."

"நான்?"

சிரித்துவிட்டார். "நீங்க எப்படி உங்களுக்கே கார்டியன் ஆவிய?"

"வீட்டுல ரெண்டு புள்ளைக்கு நான்தான் கார்டியன். ஸ்கூல்ல கூப்பிட்டா நான்தான் போறேன், ரேங்க் கார்டுல நான்தான் கையெழுத்துப் போடுதேன். ரெண்டு பேருக்கு இருக்குறவ மூணாவதா எனக்கு இருக்கக் கூடாதா?"

"நீங்க சொல்லுதது சரிதான் மேடம். சிஸ்டம் எடுக்காது."

கணவர் எண்ணைப் போடலாம், ஆனால் வெளிநாட்டு எண் ஏறாது. அவர் லீவில் வரும்போது நேரில் வந்து கையெழுத்துப் போடணும் என்றார். வீட்டுக்காரர் லீவு முடிந்து போனதே ஆறு மாசத்துக்கு முன்னால்தான். எங்கள் அம்மா வீட்டில் தந்தையும் இல்லை, சகோதரனும் இல்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் போனில் கொட்டித் தீர்த்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏட்டி, அண்ணாச்சிதான் நம்பர் வாசிக்காருல்லா, பொறவு என்ன? இதப் போயி பெருசு பண்ணுத" என்றார். நல்ல மனுஷர்தான். ஆனால் அவருக்கு ஓடிபி அவர் போனுக்கே வருகிறது, அவருக்கு இது எப்படிப் பெரிசாகத் தெரியும்?

அதற்கப்புறம்தான் முதல் மாதத் தேர்வு கைவிட்டுப் போனது. பதினொன்று முதல் பன்னிரண்டு வரை வைஃபையில் எழுத வேண்டும். அண்ணாச்சி போனைக் கடையில் சார்ஜுக்குப் போட்டுவிட்டு, பத்திர ஆபீசுக்குப் போய்விட்டார். மணி அடித்து அடித்து ஓய்ந்ததுதான் மிச்சம். துறைத் தலைவி அம்மாவிடம் போய் நின்றேன். கறாரான ஆள், சிரித்துப் பார்த்தவர்கள் கிடையாது. "காரணம் எதுவா இருந்தாலும் ரூல் ஒண்ணுதான். ரெண்டு தேர்வு விட்டா செமஸ்டர் எழுத முடியாது. ஒரு வருஷம் போயிரும். அடுத்தத விட்டுராத" என்றார்கள். ஒரு வருஷம் போனால் மூன்றாவது வருஷம். மாமியின் இரண்டு விரல் கண் முன்னால் வந்தது. மூன்றாவது வருஷம் எங்கள் வீட்டில் கிடையாது. இன்னொரு தேர்வு விட்டால் என் படிப்பு அத்தோடு முடிந்தது.

இரண்டாவது தேர்வு குற்றாலம் சீசனில் வந்தது. சாரல் பொடிப்பொடியாக விழுந்துகொண்டே இருக்கிற வாரம். சாலை முழுக்க வேனும் காரும், தலையில் துண்டோடு ஆட்கள். பத்தே முக்காலுக்கு வேப்பமரத்தடியில் நானும் சுரண்டைப் பிள்ளைகள் இரண்டு பேரும் நின்று போன் போட்டோம். 'தொடர்பு எல்லைக்கு வெளியே' என்றது. கடைக்கு எதிரே இருக்கிற டீக்கடைக்குப் போட்டுக் கேட்டால், சீசன் வியாபாரம், அவர் மச்சான் ஐந்தருவியில் சிப்ஸ் கடை போட்டிருக்கிறார், அண்ணாச்சி ஒத்தாசைக்கு அங்கே போயிருக்கிறார் என்றார்கள். ஐந்தருவியில் எங்கே சிக்னல்?

சின்னவள் அழ ஆரம்பித்துவிட்டாள். மற்றவள், "யக்கா, ஆட்டோ புடிச்சா கால்மணி நேரம். போயி அவர்கிட்ட போன வாங்கிட்டு வந்துருவோம்" என்றாள். நானும் சாலை வரைக்கும் போய்விட்டேன். கையைக் கூட நீட்டிவிட்டேன். நீட்டின கையைப் பார்த்ததும் எனக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. நான் படித்த பாடத்தை நான் எழுதுவதற்கு, அருவிக்கரையில் சிப்ஸ் பொட்டலம் போட்டுக்கொண்டிருக்கிற ஒரு மனுஷரைத் தேடி நான் மழையில் ஓடணுமா? பையன்கள் எல்லாம் உள்ளே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருப்பார்கள், நான் மட்டும் ஆள் தேடணுமா?

"போக மாட்டேன். நீங்க வேணா போங்க" என்றேன். அவர்களும் போகவில்லை. மூன்று பேரும் ஆபீசுக்கு நடந்தோம்.

கிளார்க்குக்கு எங்கள் முகத்தைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது. அவருக்கும் பதற்றம். இரண்டு நிமிஷம் தலையைச் சொறிந்துவிட்டு, "மேடம், உங்களுக்கு ஒரு வழி இருக்கு. மகன் இருக்கான்லா?" என்றார்.

"ஏழாங்கிளாஸ் படிக்கான்."

"வயச சிஸ்டம் கேக்காது. மகன்னு போட்டு, நம்பருக்கு உங்க நம்பரையே குடுங்க. ஓடிபி உங்க போனுக்கே வந்துரும். பாரத்துல அவன் கையெழுத்த நீங்களே போட்டுருங்க. அஞ்சு நிமிஷ வேலை."

பிள்ளைகள் இரண்டு பேரும் என்னை ஆசையாகப் பார்த்தார்கள். எண் மாற்றுகிற பாரம் கையில் வந்துவிட்டது. பேனாவும் எடுத்தேன். உண்மையைச் சொல்கிறேன், எழுதிவிடலாம் என்றுதான் குனிந்தேன். 'பாதுகாவலர் பெயர்' என்று இருந்தது. காலையில் நாலு தரம் எழுப்பி, பல் விளக்கு என்று விரட்டி, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்ததைச் சரிபண்ணி அனுப்பிய பிள்ளை. அவன் என் பாதுகாவலர். அவன் என்னை அனுமதிப்பதாக அவன் கையெழுத்தை நான் போடணும். பத்தாம் வகுப்பு படிக்கிற மூத்தவள் இருக்கிறாள், கெட்டிக்காரி, அவளை அந்த லிஸ்டில் சேர்க்கவே மாட்டார்கள். நாளைக்கு அவளும் இந்த ஜன்னலுக்குத்தான் வருவாள். அவளுக்கு அவள் தம்பி!

பாரத்தில் அச்சடித்திருந்த தந்தை, கணவர், சகோதரர், மகன் எல்லாவற்றையும் குறுக்கே அடித்தேன். பாதுகாவலர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். உறவுமுறையில் 'நானே' என்று எழுதினேன். மாணவர் கையெழுத்து, பாதுகாவலர் கையெழுத்து, இரண்டு இடத்திலும் என் கையெழுத்தைப் போட்டு நீட்டினேன்.

"மேடம், நம்பர் உங்க நம்பர்தானே? மகன்னு இருந்தா யாருக்குத் தெரியப்போவுது?" கெஞ்சாத குறையாகக் கேட்டார்.

"எனக்குத் தெரியும்லா."

"சிஸ்டம் எடுக்காது மேடம்."

"அப்ப சிஸ்டத்த மாத்துங்க. நான் மாற மாட்டேன். இங்கனதான் உக்காந்திருப்பேன்."

வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் போனைப் பார்த்தேன். மணி பதினொன்று ஐந்து. ஒரு வீம்புக்காகப் படிப்பையே தொலைக்கிறோமோ என்று உள்ளுக்குள் அடித்துக்கொண்டது. மாமியிடம் என்ன சொல்வேன்? எழுந்து போய் மகன் பெயரைப் போட்டுவிடலாமா என்று ஒரு தரம் இல்லை, பத்துத் தரம் தோன்றியது. பெஞ்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கிளார்க் சொல்லி அனுப்பியிருப்பார் போல. துறைத் தலைவி அம்மா லேப்டாப்போடு வந்துவிட்டார்கள். வந்த வேகத்தில், "என்ன பிடிவாதம் இது? இன்னிக்குப் பையன் பேரைப் போட்டு எழுது, அப்புறம் மாத்திக்கலாம்" என்றார்கள்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. "அப்புறம்னா எப்ப மேடம்? எனக்கு ஒரு அப்புறம் வரதுக்குப் பதினாறு வருசம் ஆச்சு. கேள்வியப் பேப்பர்ல குடுங்க, இப்பவே எழுதுதேன். படிச்சிட்டுதான் வந்துருக்கேன்."

அவர்கள் என்னைப் பார்த்தார்கள். ஜன்னலுக்குள் தலையைக் குனிந்துகொண்டிருந்த கிளார்க்கைப் பார்த்தார்கள். என் பாரத்தை வாங்கி, அடித்திருந்த இடத்தையும் எழுதியிருந்த இடத்தையும் படித்தார்கள். அப்புறம் பெஞ்சின் கோடியில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தார்கள்.

"மூணு பேருக்கும் பேனா இருக்கா?" என்றார்கள்.

அவர்கள் கேள்வியை வாசிக்க வாசிக்க, சாரல் உள்ளே அடிக்கிற வராந்தாவில் நோட்டை மடியில் வைத்து எழுதினோம். பன்னிரண்டு மணிக்குத் தாள்களை வாங்கி, ஒவ்வொன்றிலும் நேரத்தைக் குறித்துக் கையெழுத்துப் போட்டார்கள். "இத ஏத்துக்க மாட்டேன்னு யாராவது சொன்னா என்னை வந்து பாக்கச் சொல்லு" என்று கிளார்க்கிடம் சொல்லிவிட்டு, குடையை மறந்து வைத்துவிட்டுப் போனார்கள். மதிப்பெண் ஏறியது.

அதற்குப் பிறகு நான் அண்ணாச்சிக்குப் போன் போடவில்லை. அவரே கூப்பிட்டு, "தங்கச்சி, இனிமே அருவிப் பக்கமே போக மாட்டேன், அனுப்பு" என்பார். வேண்டாம் அண்ணாச்சி என்று சொல்லிவிடுவேன். பாடக்குறிப்பை மற்றவர்களிடம் வாங்கிக் கையால் எழுதிக்கொண்டேன், வருகைக்குத் துறை நோட்டில் கையெழுத்துப் போட்டேன். தேர்வு வந்தால் பேனாவோடு அதே பெஞ்சுக்குப் போனேன். மூன்று பேராக இருந்தது ஏழு பேரானது. கடைசி செமஸ்டரில் பெஞ்ச் பற்றாமல் தரையில் உட்கார்ந்தார்கள். என்னைத் திமிர் பிடித்தவள் என்று சொன்னவர்கள் உண்டு. பையன்களில் சிலர் 'பேப்பர் பார்ட்டி' என்று பட்டப்பெயரும் வைத்தார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். ஒவ்வொரு முறையும் என் பாரத்தைப் புதிதாக எழுதி ஜன்னலில் நீட்டுவேன். ஒவ்வொரு முறையும் சிஸ்டம் எடுக்கவில்லை.

ரெண்டே வருஷத்தில் கடைசிப் பரீட்சையும் எழுதி முடித்தேன். அன்று மத்தியானம் ஹாலைவிட்டு வெளியே வரும்போது கிளார்க் வேகவேகமாக என்னிடம் வந்தார். "மேடம், லிஸ்ட மாத்திட்டாங்க. இன்னிக்குக் காலையிலதான். லேடீஸும் சொந்த நம்பர் போடலாம்." மேலிடத்து உத்தரவாம். எங்கள் பெஞ்சால் வந்ததா, வேறு எதனால் வந்ததா என்று அவருக்கும் தெரியவில்லை.

"வாங்க, போடுவோம்" என்றேன்.

"உங்களுக்குத்தான் எல்லாம் முடிஞ்சுட்டே மேடம். இனிமே எதுக்கு?"

"நீங்க போடுங்க."

ஜன்னலில் நின்று பாரத்தை எழுதினேன். அவர் டைப் அடித்தார். சிஸ்டம் எடுத்தது. என் கையிலிருந்த போன் ஒரு தரம் அதிர்ந்தது. ஆறு இலக்கம். நானே படித்து, நானே போட்டேன். இணைக்கப்பட்டது என்று வந்தது.

நூலகப் படியில் போய் உட்கார்ந்தேன். மூன்றரை மணி பஸ்ஸை விட்டேன், நாலு மணி பஸ்ஸையும் விட்டேன். ஆபீசைப் பூட்டிவிட்டுப் பையோடு வந்த கிளார்க், என்னைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இன்னும் போகலியா மேடம்? நெட் வரலியா?"

"வந்துட்டு."

"பொறவு என்ன பாக்கிய?"

"ஒண்ணும் பாக்கல. என் நம்பர்ல வந்துருக்கு, கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போறேன்."